பேசாத பிள்ளையும் வாய் திறக்காத சர்க்காரும்

தாமிரபரணிக் கரையிலும் முத்துக்குளித்துறைக் கரையிலும் ஒரு குழந்தை இரண்டு வயது தாண்டியும் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால், அந்த வீட்டாருக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் வைத்தியம் இன்னதென்பது நமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரையில் ஊமையாயிருந்தார் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் விரதமிருந்தார்கள் என்றும், முருகன் அருளால் அவர் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவே பாடிவிட்டார் என்றும், ஆகையால் நீங்களும் பொறுத்திருங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தக் கதை நடந்ததா நடக்கவில்லையா என்று இன்று நாம் வழக்காட வரவில்லை. நடந்ததாகவே வைத்துக் கொள்வோம். அந்த ஒரு பிள்ளை பேசினதைச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை நாம் கேட்பது ஒன்றே. அதே சந்நிதியில் அதே விரதமிருந்து, பேசாமலே வீடு திரும்பிய பிள்ளைகள் எத்தனை? அந்தக் கணக்கை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? பேசின பிள்ளையின் கதை புஸ்தகத்தில் ஏறிவிட்டது. பேசாத பிள்ளையின் கதை தாயின் கண்ணீரோடு போய்விட்டது. ஒரு பக்கத்து வரவை மாத்திரம் எழுதி, செலவை மறைத்துவிட்ட கணக்கை எந்த வியாபாரியாவது ஒப்புக் கொள்ளுவானா?

கதை பொய்யாயிருந்தால்கூடப் பாதகமில்லை. "ஐந்து வயது வரையில் காத்திரு" என்று அது சொல்லுகிறதே, அதுதான் பெரிய பாதகம். ஏனெனில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு மிகவும் தகுந்த காலம் எதுவோ, அந்த இரண்டு வயது முதல் ஐந்து ஆறு வயது வரையிலுள்ள காலத்தையே இந்தக் கதை முழுசாகத் தின்றுவிடுகிறது. கோயில் காத்திருக்கச் சொல்லுகிறது. வீட்டுப் பெரியவர்கள், "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று காத்திருக்கச் சொல்லுகிறார்கள். இவை இரண்டையும் தாண்டி ஒரு தாய் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டால், சர்க்காரும் "அடுத்த மாதம் வா" என்று காத்திருக்கச் சொல்லுகிறது. முந்தின இரண்டையும் அறியாமை என்று சொல்லலாம். மூன்றாவதற்கு என்ன பெயர் வைப்பது?

இது என்ன சங்கதி?

ஆட்டிசம் என்று இன்று பெயர் சொல்லப்படும் இந்த நிலையை, அமெரிக்காவில் பால்டிமோர் பட்டணத்தில் வைத்தியராயிருந்த லியோ கானர் என்பவர் 1943ம் வருஷத்தில் 11 குழந்தைகளைப் பார்த்து எழுதி வெளியிட்டார். அடுத்த வருஷமே வியன்னாவில் ஆஸ்பெர்கர் என்பவரும் ஏறக்குறைய இதே மாதிரியான பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதற்கு முன்னும் இப்படிப்பட்ட பிள்ளைகள் உலகத்தில் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பேய் பிடித்தது என்றும், பைத்தியம் என்றும், சாபம் என்றும், முன் ஜென்ம வினை என்றும் பெயர் வைக்கப்பட்டிருந்தது.

இது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வித்தியாசம். பேய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தொற்று நோயுமல்ல. சில பிள்ளைகள் பேசவே மாட்டார்கள். சிலர் பேசுவார்கள், ஆனால் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லுவார்கள். சிலர் படிப்பில் கெட்டிக்காரர்களாயிருந்தும் மற்றவர் மனம் அறிந்து பழகத் தெரியாமல் திண்டாடுவார்கள். சிலருக்குச் சாதாரணச் சத்தமே இடி விழுந்தது போலிருக்கும். திருவிழா வேட்டுச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு புரளும் பிள்ளையைப் பார்த்து, "சாமி வந்துவிட்டது" என்று விபூதி பூசுகிறவர்கள், அந்தப் பிள்ளை படும் உபத்திரவத்தைக் கொஞ்சமாவது அறிவார்களா?

நமது ராஜ்யத்துச் சர்க்கார்க் காகிதங்களில் இதற்குப் "புற உலகச் சிந்தனையற்ற" நிலை என்று ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். இதுவும் சரியான பெயரல்ல. அந்தப் பிள்ளைகளுக்குப் புற உலகச் சிந்தனை உண்டு. அந்தச் சிந்தனையைப் புற உலகத்தாருக்குத் தெரிவிக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது. வழியைத் திறந்துவிட வேண்டியவர்களே "சிந்தனையற்றவன்" என்று முத்திரை குத்துவது என்ன நியாயம்?

இப்படி எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? இந்தியாவில் ஐந்து இடங்களில் ஏறக்குறைய 4,000 குழந்தைகளைச் சோதித்து 2018ல் வெளியிட்ட ஒரு ஆராய்ச்சியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் ஆட்டிசம் காணப்பட்டது. நமது ஜில்லாவின் ஜனத்தொகை 2011ம் வருஷக் கணக்கில் 17½ லட்சம். நூறு பிள்ளைகள் உள்ள ஒரு சிறு மீன்பிடி ஊரிலும் ஒரு பிள்ளை, ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற ஒரு பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் பத்துப் பிள்ளைகள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இது யாரோ ஒருவர் வீட்டுத் துக்கமல்ல, ஊர்ப் பொதுக் காரியம் என்பது விளங்கும்.

யாருடைய குற்றம்?

பிள்ளை இப்படியிருந்தால் நம் தேசத்தில் முதலில் கூண்டில் ஏற்றப்படுகிறவள் தாய். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார்கள். ஜாதகப் பொருத்தம் பார்க்காமல் கட்டினார்கள் என்பார்கள். பூர்வ ஜென்மத்தில் யார் வாயையோ அடைத்த பாவம் என்பார்கள். தகப்பன் குடிக்கப் போய்விடுவான். தாய் மாத்திரம் மடிப்பிச்சை எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாய்த் திரிய வேண்டும்.

நம் ஊர்ப் பாமரர்கள் மாத்திரந்தான் இப்படி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மேல்நாட்டில் படித்த பண்டிதர்களும் கொஞ்ச காலம் இதே அக்கிரமத்தைச் செய்தார்கள். தாயின் மனம் பனிக்கட்டியைப் போல் குளிர்ந்திருந்ததால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று சொல்லி, ஆயிரக்கணக்கான தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். 1967ல் பெட்டல்ஹைம் என்பவர் இதை ஒரு பெரிய புஸ்தகமாகவே எழுதினார். ஆனால் அங்கே ஒரு வித்தியாசமிருந்தது. பண்டிதர் சொல்லிவிட்டார் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ரிம்லாண்ட் என்பவர், தாமே இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தகப்பனாராயிருந்து, காரணங்களைத் தேடிப் படித்து, இது பிறவியில் உடம்பைப் பற்றிய விஷயமே ஒழிய வளர்ப்பின் குற்றமல்ல என்று 1964லேயே எழுதியிருந்தார். 1977ல் இரட்டைப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில் இதற்குப் பிறவிக் காரணம் உண்டென்பது மேலும் தெளிவாயிற்று. பெற்றோரின் மேல் முதலில் பழி வரும்படி எழுதிய கானரே, 1969ல் பெற்றோர்கள் கூடிய சபையில் அவர்கள் மேல் குற்றமில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். பகுத்தறிவு என்பது இதுதான். எந்தச் சாஸ்திரக்காரராவது இப்படி ஒரு சபையில் எழுந்து நின்று, "கர்மவினை என்று சொன்னது தப்பு, தாய்மார்களே" என்று சொன்னதாக யாராவது கேட்டதுண்டா?

1998ல் இங்கிலாந்தில் ஒரு வைத்தியர் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று கிளப்பிவிட்டார். அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010ல் அதை வாபஸ் வாங்கிற்று. அதே வருஷம் அவர் பெயரும் வைத்தியர்களின் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் புரளி இன்னும் சாகவில்லை. இன்னொரு கூட்டத்தார் ஸ்டெம் செல் ஊசி போட்டால் பிள்ளை பேசிவிடும் என்று சொல்லி நகையும் நிலமும் விற்ற பணத்தைப் பறிக்கப் பார்க்கிறார்கள். இந்த ஊசியை ஆட்டிசத்துக்குச் சிபாரிசு செய்வதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்கக் குழு 2022லேயே சொல்லியிருக்கிறது. தாயத்துக் கட்டுகிறவனும் பொய் ஊசி போடுகிறவனும் ஒரே தொழில்காரர்கள். ஒருவனுக்குக் காவி வேஷ்டி, மற்றவனுக்கு வெள்ளைச் சட்டை என்பதுதான் வித்தியாசம்.

இந்த மூடத்தனத்தின் கடைசிப் படி எங்கே போய் நிற்கும் என்பதற்கு நமக்கு அடுத்த ராமநாதபுரம் ஜில்லாவே சாட்சி. 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில், மனநோய் தீருமென்று தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தங்கியிருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றி, சங்கிலியில் பூட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகினார்கள். கோயிலாகட்டும், மாதா கோயிலாகட்டும், தர்காவாகட்டும், நமக்கு எல்லாம் ஒன்றுதான். அறிவு வேலை செய்ய வேண்டிய இடத்தில் வேண்டுதல் வந்து உட்கார்ந்துகொண்டால் பலியாகிறவர்கள் வாய் திறந்து சொல்ல முடியாத ஜீவன்களே.

பயிற்சி என்பது என்ன?

ஆட்டிசத்தை அடியோடு போக்கும் மருந்து கிடையாது. போக்குவதாகச் சொல்லுகிறவன் புரட்டன். ஆனால் பயிற்சி உண்டு. நடத்தைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, கைகால் வேலைப் பயிற்சி என்று பல வகை உண்டு. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்பது நமக்கு ஒரே காரியம். அந்தப் பிள்ளைக்கு அது பத்துக் காரியம். ஆளைப் பார்க்க வேண்டும், செம்பைப் பார்க்க வேண்டும், கையை நீட்ட வேண்டும், படத்தையாவது காட்ட வேண்டும், சத்தம் கொடுக்க வேண்டும். இதைச் சிறு சிறு படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் பிள்ளைக்குப் பிரியமானதைக் கொடுத்து உற்சாகப்படுத்தி, சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்விப்பதே நடத்தைப் பயிற்சியின் சாரம்.

அமெரிக்காவில் லோவாஸ் என்பவர் இந்த முறையில் வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி கொடுத்துச் சில பிள்ளைகள் வெகுவாக முன்னேறினதாக 1987ல் வெளியிட்டார். அவர் சொன்ன பலன் அவ்வளவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்குமென்று இன்றைய நிபுணர்கள் ஒப்புக் கொள்ளுவதில்லை. அன்றியும் அந்த முறையின் ஆரம்ப காலத்தில் அடியும், மின்சார அதிர்ச்சியுங்கூடப் பிரயோகிக்கப்பட்டது. ஆட்டிசமுள்ள பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, இன்று தங்கள் வாயாலேயே அந்தக் கொடுமையைக் கண்டிக்கிறார்கள். அவர்கள் கண்டிப்பது நியாயம். பிள்ளையை அடித்து, மற்றவர்களைப் போல் வேஷம் போடச் செய்வது பயிற்சியாகாது. தன் பசியையும் வலியையும் தானே தெரிவிக்கவும், தன் காரியத்தைத் தானே செய்து கொள்ளவும், தன் இஷ்டப்படி தன் மானத்தோடு வாழவும் பழக்குவதே பயிற்சி. சுயமரியாதை பெரியவர்களுக்கு மாத்திரம் உரியதல்ல, பேசாத பிள்ளைக்கும் உரியது.

இந்தப் பயிற்சிக்குத் தனியாரிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கு நூற்றுக்கணக்கான ரூபாய். வாரம் ஒரு நாள் போனால் போதாது, பல நாள் போக வேண்டும். உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருகிற ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பட்டணம் போனால் அன்றையக் கூலி போயிற்று. பஸ் சத்தம் போயிற்று. மிச்சமிருப்பது பயிற்சிக் கட்டணத்துக்குப் போதாது. மூன்று நடை போவாள், நாலாவது நடைக்குக் கடன் வாங்குவாள், ஐந்தாவது நடைக்கு மறுபடியும் கோயிலுக்கே போவாள். ஏனெனில் கோயில் பக்கத்திலிருக்கிறது. மூட நம்பிக்கை என்று அந்தத் தாயை வைது என்ன பயன்? அறிவு எட்டாத தூரத்திலும் எட்டாத விலையிலும் இருக்கிற வரையில் மூடத்தனந்தான் மலிவாகக் கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இது தர்மப் பிச்சை அல்ல என்பதை முதலில் நம்மவர்கள் உணர வேண்டும். 1995ம் வருஷத்திய அங்கவீனர் சட்டத்தில் ஏழு வகையினரைச் சேர்த்தார்கள். அதில் ஆட்டிசம் இல்லை. 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2016ம் வருஷத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிசமும் எழுதப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. கானர் எழுதினது 1943ல். நமது உரிமைச் சட்டத்தில் அது ஏறினது 2016ல். இந்த 73 வருஷத்தில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் "பைத்தியம்" என்ற பெயரோடு சுடுகாடு போனார்கள்!

மேற்படி சட்டத்தின் 25வது பிரிவு, வீட்டுக்குச் சமீபத்தில், விசேஷமாகக் கிராமப்புறங்களில், குடும்ப வருமான வரம்புக்குட்பட்டு இலவச வைத்திய வசதி செய்ய வேண்டுமென்கிறது. 31வது பிரிவு, 40 சதவிகிதத்துக்குக் குறையாத ஊனமென்று சர்டிபிகேட் பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரையில் இலவசப் படிப்பு உரிமை என்கிறது. 27வது பிரிவு, மறுவாழ்வுக்கான வேலைகளைச் சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனங்களும் செய்ய வேண்டுமென்கிறது. ஆனால் அந்த 27வது பிரிவில் ஒரு சின்ன வாசகத்தை நுழைத்திருக்கிறார்கள். "பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு" என்பதுதான் அது. இந்த வாசகம் ஒரு பெரிய ஓட்டை. எந்த ஆபீசரும் இதற்குள் தலையைக் கொடுத்து மறுபக்கம் போய்விடலாம். மந்திரிகள் வரவேற்புக்குப் பந்தல் போடும்போது இந்தப் பொருளாதாரச் சக்தியை யாராவது அளந்து பார்க்கிறார்களா? இன்னொன்றும் கவனிக்க வேண்டும். படிப்பு உரிமை 6 வயதில்தான் ஆரம்பிக்கிறது. பயிற்சிக்குத் தகுந்த வயதோ அதற்கு முன்னாலேயே பாதி போய்விடுகிறது. குமரகுருபரர் கதை ஐந்து வயதுவரை காத்திருக்கச் சொன்னது. சட்டம் ஆறு வயதுவரை காத்திருக்கச் சொல்லுகிறது!

ஆறு வயதுக்கு முன்னால் ஒன்றுமே இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. 2013ல் மத்திய சர்க்கார் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் என்று வாயில் நுழையாத ஒரு வடநாட்டுப் பெயரை வைத்து ஒரு திட்டம் ஆரம்பித்தது. பெயர் எப்படியிருந்தாலும் காரியம் நல்லதே. வைத்தியக் கோஷ்டியார் வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிகளுக்கும், ஒரு தடவை பள்ளிக்கூடங்களுக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். கண்டுபிடிக்க வேண்டிய 30 வகைக் குறைகளில் ஆட்டிசமும் ஒன்று. சந்தேகப்பட்ட பிள்ளையை ஜில்லாவிலுள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பரீட்சையும் பயிற்சியும் இலவசம். இது திட்டம்.

ஒரு பக்கம் வேம்பார், மறு பக்கம் மணப்பாடு, உள்ளே விளாத்திகுளமும் சாத்தான்குளமும் என்று பரந்து கிடக்கிற ஜில்லாவுக்கு, ஜில்லாத் தலைநகரில் ஒரே ஒரு மையம் என்பதுதான் திட்டத்தின் அளவு. வாரத்தில் பல நாள் செய்ய வேண்டிய பயிற்சிக்கு, வேம்பாரிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் தூத்துக்குடிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்பது இலவசமா? இன்னும் பெரிய பரீட்சைக்கென்று போக வேண்டுமானால் முட்டுக்காட்டில் 2005ல் ஏற்பட்ட மத்திய சர்க்கார் ஸ்தாபனம் இருக்கிறது. அது இங்கிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர்! தேசிய அறக்கட்டளையார் நிராமயா என்றொரு இன்ஷூரன்ஸ் வைத்து, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையில் கொடுப்பதாகச் சொல்லுகிறார்கள். அதில் பயிற்சிக்கென்று ஒதுக்கினது ஒரு சிறு பங்கு. அதையும் முதலில் கையிலிருந்து செலவழித்து, ரசீது காட்டித் திரும்ப வாங்க வேண்டும். கையில் இல்லாதவன் எதைச் செலவழித்து எதற்கு ரசீது வாங்குவான்?

சிப்பியை எண்ணின சர்க்கார்

ஆளில்லை, அளவெடுக்க முடியவில்லை, கணக்கில்லை என்று சர்க்கார் சொல்லலாம். இந்தக் கடற்கரையில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லுவதற்கு எந்தச் சர்க்காருக்கும் வாயில்லை. ஏனென்று சொல்லுகிறோம்.

இங்கே 1961ம் வருஷத்தோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. நடந்த காலத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் படகேறி நடுக்கடலுக்குப் போய், ஒவ்வொரு பாரிலும் ஆட்களை மூழ்கச் செய்து, சிப்பியை எடுத்து, வயதைப் பார்த்து, பிளந்து, முத்தை மதிப்பிட்டு, இந்த வருஷம் குளிப்பு நடத்தலாமா கூடாதா என்று அறிக்கை எழுதுவார்கள். முதிருவதற்கு முன் எடுத்தால் நஷ்டம். காலம் தாழ்த்தினால் சிப்பி செத்துப் போய் அதுவும் நஷ்டம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடலுக்கடியில் கிடக்கிற சிப்பிக்குப் பருவம் உண்டென்று தெரிந்து நாள் குறித்தார்கள், தோழர்களே! கரையில் கண்ணெதிரே ஓடியாடுகிற பிள்ளைக்குப் பருவம் உண்டென்பது மாத்திரம் ஏன் தெரியவில்லை? சிப்பியில் சர்க்காருக்குப் பங்கு இருந்தது. ஏழைப் பிள்ளையில் பங்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுறாமீனின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்குக் கடல்கட்டி என்று ஒருவன் இருந்தான். அவன் மந்திரம் சொன்னாலன்றிக் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். ஒரு காலத்தில் அவனுக்குச் சர்க்கார் பணத்திலிருந்தே கூலி கொடுக்கப்பட்டது. குளியாளும் தான் எடுத்த சிப்பியில் அவனுக்குப் பங்கு வைத்தான். சுறாவின் வாயைக் கட்டுகிறவனுக்குக் கொடுக்கப் பொதுப் பணம் இருந்தது. பிள்ளையின் வாயைத் திறக்கிறவனுக்குக் கொடுக்க மாத்திரம் இல்லையென்றால் யார் நம்புவார்கள்?

பணமா, மனமா?

பணக்கார தேசங்களிலும் இது சும்மா வந்துவிடவில்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துப் பெற்றோர் சிலர், தங்கள் பிள்ளைகளின் நடத்தைப் பயிற்சிக்குச் சர்க்கார் பணம் கொடுக்க வேண்டுமென்று வழக்காடிக் கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 2004ல் அந்தத் தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டோ, எந்த வைத்தியத்துக்குப் பணம் கொடுப்பதென்பது சட்டசபை தீர்மானிக்க வேண்டிய காரியமென்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் புளோரிடா ராஜ்யத்தில் ஏழைகளுக்கான வைத்திய நிதியிலிருந்து இந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுக்க மாட்டோமென்ற சர்க்காரை, கொடுத்தே தீர வேண்டுமென்று 2012ல் கோர்ட்டு உத்தரவிட்டது. இவை இரண்டிலிருந்தும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே. கோர்ட்டில் ஜெயித்தாலும் தோற்றாலும், கேட்டவர்களால்தான் அந்தக் கேள்வி சட்டசபை வரையில் போயிற்று. கோயிலில் கேட்டவர்களால் போகவில்லை.

நிபுணர்கள் போதாது என்பதும் முழு நியாயமல்ல. கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடத்தி 2016ல் வெளியான ஒரு பரீட்சையில், பெரிய பட்டம் பெறாத சாதாரண ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க, பெற்றோர் பிள்ளையோடு பழகும் விதமும், பிள்ளை பெற்றோரோடு பழகும் விதமும் திருந்தினது தெரிய வந்தது. இந்த இரண்டு சர்க்காரும் எல்லையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்க, இரண்டு தேசத்துத் தாய்மார்களும் ஒரே பாடத்தைப் படித்து ஒரே பலனைக் கண்டார்கள். அங்கே முடிந்தது நமது அங்கன்வாடியில் ஏன் முடியாது? நமது ராஜ்யத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை ஊருக்குச் சமீபத்தில் கொண்டுபோவதற்கென்று உலக பாங்கி 2022ல் 16 கோடியே 20 லட்சம் டாலர் கடன் கொடுக்கச் சம்மதித்திருக்கிறது. கடனை நம் ஜனங்கள்தான் கட்டப் போகிறார்கள். ஆகையால் அந்தப் பணம் கட்டிடத்துக்கும் திறப்பு விழாக் கல்வெட்டுக்கும் எவ்வளவு போயிற்று, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி கொடுக்கிறவருக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

செய்ய வேண்டியது

முதலாவது, பெற்றோருக்கு. பிள்ளை ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரலால் சுட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அங்கன்வாடி ஊழியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போய், மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குச் சீட்டு எழுதித் தரக் கேளுங்கள். ஊனச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது அவமானச் சீட்டல்ல, உரிமைப் பத்திரம். பயிற்சி கொடுக்கிறேன் என்று வருகிறவர், 1992ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவானவரா என்று கேளுங்கள். எதையும் வாயால் கேட்காமல் காகிதத்தில் எழுதிக் கேட்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். "ஆளில்லை, அப்புறம் வா" என்றால் அதையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் 2005ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கு மனுப் போடுங்கள். அவருக்கு விசாரிக்க அதிகாரம் உண்டு.

இரண்டாவது, நமது சங்கத் தோழர்களுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பது பத்து மேடைப் பிரசங்கத்துக்குச் சமம். ஊருக்கு நாலு இளைஞர்கள் சேர்ந்து, தங்கள் ஊரில் பேசாத பிள்ளைகள் எத்தனை, சோதிக்கப்பட்டவை எத்தனை, பயிற்சி கிடைத்தவை எத்தனை என்று ஒரு கணக்கெடுங்கள். சர்க்கார் எண்ணாததை நாம் எண்ணிக் காட்டுவோம்.

மூன்றாவது, சர்க்காருக்கு. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் பேச்சுப் பயிற்சியாளரையும் சிறப்பு உபாத்தியாயரையும் நிரந்தரச் சம்பளத்தில் போடுங்கள். சிறப்பு உபாத்தியாயர்களை நியமிக்கும்படி 2021லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அங்கன்வாடி ஊழியருக்குப் பயிற்சியும் கொடுத்து, கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலியும் கொடுங்கள். பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரின் பஸ் செலவையும் கெட்டுப்போன கூலியையும் ஈடுகட்டுங்கள். ஆறு வயது என்ற வரம்பை இரண்டு வயதுக்கு இறக்குங்கள். எத்தனை பிள்ளைகள் எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள் என்ற கணக்கை மாதா மாதம் ஆஸ்பத்திரி வாசலில் எழுதிப் போடுங்கள்.

பேசாத பிள்ளை ஓட்டுக் கேட்காது, ஊர்வலம் போகாது, தன் குறையைத் தானே சொல்லாது. அதனால்தான் அதன் பங்கை எல்லோரும் சுலபமாய் மறந்துவிடுகிறார்கள். அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாம். நாம் பேசினால் சர்க்காரும் வாய் திறந்தே ஆக வேண்டும். நாமும் வாய் மூடியிருந்தால், பிள்ளை பேசவில்லை என்று முருகனிடம் முறையிடுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?